எந்த மகோகனி?

நாற்றங்கால் பலகையில் ‘மகோகனி’ என்று மட்டும் எழுதிக் கன்று விற்கிறோம். இருபது ஆண்டு காத்திருக்கப்போகும் விவசாயிக்கு அது போதாது. ஸ்வீட்டீனியா மகோகனி, ஸ்வீட்டீனியா மேக்ரோஃபில்லா இரண்டும் ஒரே பேரினம்தான். ஆனால் வயலிலும் அறுவை மில்லிலும் வேறு வேறு மரங்கள்.

முன்னது சிற்றிலை மகோகனி. கியூபா, ஜமைக்கா, தெற்கு ஃபுளோரிடா அதன் தாயகம். பின்னது மெக்சிகோ முதல் பொலிவியா வரை வளரும் பேரிலை மகோகனி. கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குச் சிற்றிலை 1795இலும் பேரிலை 1872இலும் வந்தன. அமெரிக்கக் கண்டத்துப் பேரிலை மரத்துக்கு 1886இல் தாவரவியலாளர் ஜார்ஜ் கிங் அறிவியல் பெயர் வைத்ததே கல்கத்தாவில் வளர்ந்த மரங்களைப் பார்த்துத்தான் என்பது வேடிக்கை.

வளர்ந்த மரத்தில் குழப்பமில்லை. சிற்றிலையில் ஓர் இலைக்கூறு 8 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. பேரிலையில் 20 செ.மீ. வரை போகும். காயும் அப்படியே: ஒன்று கைக்குள் அடங்கும், மற்றது அதைப்போல் இரு மடங்கு. சிக்கல், பையில் நிற்கும் இளங்கன்றில்தான். அதனால் விதையிலேயே பிரித்துவிட வேண்டும். பேரிலை விதை இறக்கையோடு 7 செ.மீ.க்கு மேல் நீளும், கிலோவுக்கு ஏறத்தாழ 2,000 விதைதான் நிற்கும். சிற்றிலையில் எண்ணிக்கை பல மடங்கு. இரு வகையும் பக்கம் பக்கமாக நிற்கும் தோப்பில் விதை எடுத்தால் கலப்பினம் வரும். கலப்பினம் மோசமல்ல, கரீபியனில் விரும்பியே நட்டிருக்கிறார்கள். ஆனால் அதையும் கலப்பினம் என்று சொல்லியே விற்க வேண்டும்.

ஆழமான, வடிகாலுள்ள மண்ணும் ஆண்டுக்கு 1,000 மி.மீ.க்கு மேல் மழையும் உள்ள இடத்தில் பேரிலை வேகமாகப் பருக்கும். வறட்சி, சுண்ணாம்பு மண், கடலோர உப்புக்காற்று என்றால் சிற்றிலைதான் தாங்கும். மெதுவாக வளரும், ஆனால் கட்டை கனமாக, வைரம் இறுகி நிற்கும். ‘எல்லா நிலத்துக்கும் ஏற்றது’ என்ற விளம்பரத்தை நாம் திருப்பிச் சொல்லக் கூடாது. குருத்துத் துளைப்பான் இரண்டையும் விடாது. அந்தப் பூச்சியான ஹிப்சிபைலா ரொபஸ்டாவின் புழு நுனிக் குருத்தைக் குடைந்தால், நேராகப் போக வேண்டிய அடிமரம் இளம் வயதிலேயே கவட்டையாகிவிடும். பிறகு எத்தனை கன அடி வந்தாலும் நீளக் கட்டை கிடைக்காது. வரப்பில் மற்ற மரங்களோடு கலந்து நட்டு, முதல் சில ஆண்டுகள் ஒற்றைக் குருத்தை மட்டும் விட்டுக் கவாத்து செய்யச் சொல்லுங்கள்.

ஏற்றுமதியிலும் வேறுபாடு உண்டு. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பேரிலை சேர்ந்தது 2003இல் நடைமுறைக்கு வந்தது. அது அமெரிக்க வெப்பமண்டல மரங்களுக்கு மட்டும். 1992இல் சேர்ந்த சிற்றிலைக்கு அந்த எல்லை இல்லை. நம் தோட்டத்தில் வளர்ந்தாலும் உருட்டுக்கட்டை, அறுத்த பலகை, மேலொட்டுத் தகடு ஆகியவற்றை வெளிநாடு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். கன்று விற்கும் ரசீதிலேயே இனத்தின் முழு அறிவியல் பெயரையும், தாய்மரம் நின்ற ஊரையும் எழுதிக் கொடுக்கலாம். அதற்குச் செலவு ஒரு வரி மைதான்.