வன்முறைக்கு விலை வைப்போம்

பாத்திரமேற்று ஆடும் திகில் ஆட்டத்தில் பயம் எப்போது கலைகிறது என்பது, மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும். சண்டையில் யார் முந்துவது என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையை உருட்டச் சொல்லும் நொடியில்தான். அதுவரை குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். யார் முதலில் அடிப்பது, எந்த ஆயுதத்துக்கு எந்தப் பகடை என்று பேச்சு மாறுகிறது. கணக்கு கைக்கு வந்துவிட்டால் அச்சத்துக்கு அங்கே வேலை இல்லை.

இதைக் காரணம் காட்டி வன்முறையைத் திகில் ஆட்டங்களிலிருந்து நீக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தே வராது என்று தெரிந்த மேசையில் யாரும் பயப்பட மாட்டார்கள். வன்முறை இருக்கட்டும், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையே நாம் பார்க்க வேண்டும். அடிபட்டவர் மட்டும் விலை கொடுத்தால் அது சாகச ஆட்டம். அடித்தவரும் கொடுத்தாக வேண்டும் என்றால்தான் அது திகில் ஆட்டம்.

நம் துறை போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது. 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அரக்கர்களைக் கொன்றதற்கும் புதையலை எடுத்ததற்கும் அனுபவப் புள்ளிகளைக் கொடுத்தது. அங்கே கொலை வருமானம். 1981இல் சாண்டி பீட்டர்சன் எழுதி கேயாசியம் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுலு’ அந்த வழக்கத்தை உடைத்தது. அதில் கொலைக்கு அனுபவப் புள்ளி இல்லை. பயன்படுத்தி வென்ற திறன்களே வளரும். ஆட்டக்காரரின் பாத்திரமான புலனாய்வாளருக்குப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி)தான் இருக்கும். ஒரு சாதாரண ரிவால்வரின் குண்டு ஒரு பத்துமுகப் பகடை அளவுக்குச் சேதம் செய்யும். துப்பாக்கியை எடுப்பவர் தன் உயிரையும் சேர்த்துத்தான் மேசையில் வைக்கிறார். பயங்கரத்தைப் பார்த்தாலே மனத்தெளிவை அளக்கும் சானிட்டி குறையும் என்ற விதி, உடலோடு மனத்தையும் கணக்கில் சேர்த்தது.

ஆனால் அந்த ஆட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அரக்கனை வீழ்த்தினால் இழந்த சானிட்டியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். இதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் டைனமைட்டும் ஷாட்கன்னும் வாங்குவதிலேயே முதல் ஆட்டத்தைக் கழிக்கின்றன. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள்.

இந்த ஓட்டையை அடைத்தவர்களிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. கிரெக் ஸ்டோல்ஸியும் ஜான் டைன்ஸும் எழுதிய ‘அன்னோன் ஆர்மீஸ்’ 1998இல் வந்தது. அதன் சண்டை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சண்டையை நிறுத்த ஆறு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன; சரணடைவது, ஓடிவிடுவது, போலீஸைக் கூப்பிடுவது எல்லாம் அவற்றில் அடங்கும். காயத்தின் எண்ணிக்கையும் ஆட்டக்காரருக்குத் தெரியாது. ஆட்டம் நடத்தும் கேம் மாஸ்டர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வலியை வார்த்தையில் மட்டும் சொல்கிறார். எண்ணை மறைத்ததால் பயம் சண்டைக்குள்ளேயும் தங்குகிறது.

2016இல் தனி ஆட்டமாக வந்த ‘டெல்டா கிரீன்’ இன்னும் ஆழமாகப் போனது. வன்முறையால் மூன்று முறை சானிட்டி குறைந்தும் நிலைகுலையாமல் நின்ற ஏஜென்ட், வன்முறைக்குப் பழகிப்போகிறார். அதன்பின் அதைக் கண்டு அவர் மனம் ஆடாது. அதற்கு விலையாக அவருடைய கரிஸ்மா ஓர் ஆறுமுகப் பகடை அளவுக்கு நிரந்தரமாகக் குறைகிறது. மனைவி, மகள், நண்பன் என்று அவர் வைத்திருக்கும் ஒவ்வொரு பாண்டும் (உறவுப் பிணைப்பும்) அதே அளவு குறைகிறது. கொலைக்கு மரத்துப்போன கையால் குழந்தையைத் தூக்க முடியாமல் போகிறது. வன்முறையைப் பற்றி நம் துறை எழுதிய விதிகளில் இதற்கு இணையானது இல்லை என்பது என் முடிவு.

மறுபக்கம் போனவர்களும் உண்டு. கிரகாம் வாம்ஸ்லியின் ‘கதுலு டார்க்’கில் அரக்கனோடு சண்டை போட்டால் சாவுதான், உருட்டுவதற்கே இடமில்லை. ‘டென் கேண்டில்ஸ்’ ஆட்டத்தில் முடிவில் எல்லாரும் இறப்பது முதலிலேயே தெரியும். இவை ஓரிரவு ஆட்டத்துக்கு அருமையானவை. மாதக்கணக்கில் ஓடும் கேம்பெயினுக்கு இந்த வழி உதவாது. வன்முறையின் விலை மிதமிஞ்சினால் ஆட்டக்காரர்கள் கதவையே திறக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் விலையைக் கூட்டும்போதெல்லாம், ஓட, ஒளிய, பேரம் பேச வழிகளையும் திறந்து வைக்க வேண்டும். ‘பல்ப் கதுலு’ போல ஹிட் பாயிண்டை இரட்டிப்பாக்கி அடிதடியாக ஆட விரும்பினால் அதுவும் நியாயமான ஆசைதான். அதை முதல் நாளே குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

நடைமுறையில் மூன்று காரியங்களைப் பரிந்துரைக்கிறேன். சண்டைக்கு முன்: எதிரி என்ன செய்யும் என்பதை அது ஏற்கெனவே செய்துவிட்டுப் போன இடத்தில் காட்டுங்கள். சண்டையில்: ஓரிரு சுற்றுகளில் முடியுங்கள், நீளும் சண்டையில் பயம் வடிந்துவிடும். சண்டைக்குப் பின்: சண்டைக்குக் கொடுத்ததைவிட அதிக நேரம் கொடுங்கள். பிணத்தை யார் அப்புறப்படுத்துவது, சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன பதில், இறந்தவனின் தாய் விசாரிக்க வந்தால் யார் கதவைத் திறப்பது? இவற்றுக்குப் பகடை வேண்டியதில்லை. ஆட்டக்காரர்கள் வருடங்கள் கழித்தும் நினைவில் வைத்திருப்பது இந்தக் காட்சிகளைத்தான்.

ஆனால் விலை கொடுக்க வேண்டியது பாத்திரம்; மேசையில் இருக்கும் மனிதர் அல்ல. ரான் எட்வர்ட்ஸ் அறிமுகப்படுத்திய ‘லைன்ஸ் அண்ட் வெய்ல்ஸ்’, ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய ‘எக்ஸ் கார்டு’ ஆகிய இரண்டும், மேசையில் எது வரக்கூடாது என்று குழு எல்லை போட்டுக்கொள்ள உதவும் கருவிகள். இவை திகிலை மழுங்கடிக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எல்லை எங்கே என்று தெரிந்த குழு, அந்த எல்லை வரை துணிந்து வரும். தெரியாத குழு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இந்த மாதம் நீங்கள் எழுதும் அல்லது நடத்தும் சினாரியோவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் வரும் ஒவ்வொரு அடிக்கும் பக்கத்தில், அடித்தவர் எதை இழக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத எதுவும் கிடைக்காத சண்டையை வெட்டிவிடுங்கள்.