விஸா மனுவில் இடறும் இனிஷியல்

வெளிநாட்டிலுள்ள மகனையோ மகளையோ பார்த்து வர டூரிஸ்ட் விஸாவுக்கு மனுப் போடும் மல்காஜ்கிரித் தமிழர்கள், பாங்கிக் கணக்கைப் பற்றியும் பென்ஷன் காகிதத்தைப் பற்றியும்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். சங்கடம் அதற்கு முன்பே, மனுவின் முதல் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே கேட்பது குடும்பப் பெயர். தமிழரில் பெரும்பாலோரிடம் இல்லாத சரக்கு அது.

தெலுங்கு அன்பர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. என்.டி.ராமராவ் பெயரில் முதலில் நிற்கும் 'என்', நந்தமூரி என்ற வீட்டுப் பெயர். தலைமுறை தலைமுறையாக வருவது. கு.காமராஜ் பெயரில் உள்ள 'கு' அவருடைய தந்தை குமாரசாமியைக் குறிப்பது. அடுத்த தலைமுறைக்கு அது போவதில்லை. ஐதராபாத் கவுண்டர்களில் 'இண்டி பேரு ஏமிடி' என்று கேட்டால், நம்மவர் தகப்பனார் பெயரைச் சொல்வதா, ஊர்ப் பெயரைச் சொல்வதா என்று விழிப்பதற்குக் காரணம் இதுதான்.

ரயில்வேக் குடும்பங்களில் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடுதல். ஸர்வீஸ் ரிஜிஸ்தரிலும் பென்ஷன் உத்தரவிலும் 'எஸ்.ராமன்' என்றே இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை; விரித்து எழுத வேண்டும். விரிக்க மனமில்லாதவர்கள் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, 'ராமன்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றமில்லை. பாஸ்போர்ட்டுகளுக்கான சர்வதேச அளவுகோலை வகுக்கும் ஐ.சி.ஏ.ஓ. ஸ்தாபனமும் ஒற்றைப் பெயரை ஏற்கிறது. இந்தோனேஷிய ஜனாதிபதிகள் சுகர்ணோ, சுகார்த்தோ இருவருக்கும் ஒற்றைப் பெயர்தானே!

ஆனால் விஸா கொடுப்பவர் சொல்வதே சட்டம். 2022 நவம்பரில் இது தெளிவாயிற்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை நவம்பர் 21 முதல் விசிட், டூரிஸ்ட் விஸாக்களில் ஐக்கிய அரபு நாடுகள் அனுமதிக்காது என்று ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டிராவல் ஏஜெண்டுகளுக்குச் சுற்றறிக்கை விட்டன. முன்பே விஸா வாங்கியிருந்தாலும் பயனில்லை. சில நாள் கழித்து, பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று ஒரு விளக்கம் வந்தது. அதுவும், போய் இறங்கியபின் விஸா பெறும் தகுதியுள்ளவர்களுக்கே என்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே குடியிருப்பு அனுமதி பெற்றவர்கள், ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் பதிந்துகொள்ள வழி விடப்பட்டது. அதாவது துபாயில் வேலை பார்க்கும் மகன் தப்பினான். அவனைப் பார்க்க டிக்கெட் வாங்கிய தாய் தகப்பன்தான் மாட்டிக்கொண்டார்கள். பிழைக்கப் போனவனை விடப் பார்க்கப் போகிறவர் மீது சந்தேகம் அதிகம் என்பது விசித்திரமே.

அமெரிக்கா கதவைச் சாத்துவதில்லை. வேறு ஒரு காரியம் செய்கிறது. ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எப்.என்.யு.' என்று மூன்று எழுத்தை அச்சடிக்கிறது. 'முன்பெயர் தெரியாது' என்று பொருள். அறுபது வருஷமாக ஊரறிந்த பெயர் விஸாவில் தெரியாத பெயராகிவிடுகிறது. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விஸாவில் ஒரு மாதிரி என்று விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விஸாவுக்காகச் சென்னை ஜெமினிக்கு ரயிலேறிய காலம் 2008-ல் பேகம்பேட்டையில் கான்சல் ஆபீஸ் வந்ததும் மாறியது. 2023 மார்ச்சில் அது நானக்ராம்கூடாவுக்கும் போயிற்று. ஆபீஸ் பக்கத்தில் வந்ததே தவிர மனுவின் கட்டங்கள் மாறவில்லை.

சரி, குடும்பப் பெயருக்கு எங்கே போவது? சாதிப் பட்டத்தைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயரிலிருந்து பட்டத்தை நீக்கத் தீர்மானித்தார்கள். அதை விஸாவுக்காகத் திரும்பத் தூக்கி வர வேண்டிய அவசியம் எதுவுமில்லை. தந்தை பெயரே அந்தக் கட்டத்துக்குப் போதும். சுப்பையா மகன் ராமன், 'ராமன் சுப்பையா' ஆகலாம்.

இதற்குப் புதிய பாஸ்போர்ட் கேட்டு ரீ-இஷ்யூ மனுச் செய்ய வேண்டும். முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். அமெரிக்க டூரிஸ்ட் விஸாக் கட்டணமோ 2023 ஜூன் 17-ல் 160 டாலரிலிருந்து 185 ஆயிற்று. நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். மனு நிராகரிக்கப்பட்டால் திரும்பி வராது. ஆகவே பெயரைச் சரி செய்வது முதலில், விஸா அப்புறம், டிக்கெட் கடைசியில். ஆதார் அட்டையிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அலைச்சல் குறையும். மனைவியின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் தந்தை பெயரா, கணவர் பெயரா என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது. கவுண்டரில் நின்று யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள்.