மணலும் முத்தும்

மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று பாட்டி சொன்னால் சிரிக்கிறோம். மணல் ஒன்று உள்ளே புகுந்து உறுத்த, சிப்பி அதன்மேல் பூச்சுப் பூசி முத்தாக்குகிறது என்று புத்தகம் சொன்னால் பக்தியோடு தலையாட்டுகிறோம். இரண்டும் கதைதான் என்கிறேன் நான்.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலைக் கடற்கரையில் ஒரு சிறுமி இந்த மணல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த கிழவர் நிமிராமலே, "கடல்ல மணலுக்கா பஞ்சம் தம்பி? அப்போ திறக்கிற சிப்பியில எல்லாம் முத்து இருக்கணுமே!" என்றார். 1961-இல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தபோது கடலில் இறங்கியவர் அவர்.

படித்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி. 1902-இல் இலங்கைக்கு வந்து முத்துப்பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன் என்ற பேராசிரியர், மணலைத் தள்ளிவிட்டு நாடாப்புழுவின் குஞ்சுதான் காரணம் என்றார். பின்னால் வந்தவர்கள் அதையும் மறுத்தார்கள்.

1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானி அழகர்சுவாமி முத்தை விளைவித்துக் காட்டினார். எப்படி? சிப்பியின் சதையைப் போர்த்தி, ஓட்டையொட்டி ஒரு மெல்லிய போர்வை இருக்கிறது. ஓட்டை வளர்ப்பது அதுதான். வேறொரு சிப்பியின் போர்வையிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஓட்டில் கடைந்த மணியோடு சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். துண்டிலுள்ள உயிரணுக்கள் பெருகி, மணியைச் சுற்றிப் பையாகின்றன. அந்தப் பைதான் பளபளப்பை அடுக்கடுக்காகச் சுரக்கிறது. துண்டு இல்லாமல் மணியை மட்டும் வைத்தால் முத்து இல்லை. உறுத்தல் மட்டும் போதாது, ஐயா!

நான் கதை எழுதிப் பிழைப்பவன். ஆரம்பத்தையும் முடிவையும் காட்டிவிட்டால் நடுவை வாசகரே நிரப்பிக்கொள்வார் என்ற ரகசியம் எனக்குத் தெரியும். கதைக்கு அது அழகு, விஞ்ஞானத்துக்கு மோசடி. நடுவில் எது எந்த வேலையைச் செய்கிறது, அதை எடுத்துவிட்டால் எது நின்றுபோகிறது என்று காட்டினால்தான் அது விளக்கம். குழந்தைக்கு எளிமையாகச் சொல்லுங்கள், பொய்யாகச் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் கிழவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, ஒரு சிப்பிக்குள்ள நடக்கிறதச் சொல்லிட்டீங்க. பார்ல சிப்பியே இல்லாமப் போச்சே, அது ஏன்?"

பைக்குள் அதற்குப் பதில் இல்லை. நீரோட்டம், சிப்பிக் குஞ்சு ஒட்டும் பாறை, அதைத் தின்னும் மீன் என்று கடல் முழுவதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். ஒரு முத்தின் சூட்சுமத்தை அறிந்தவர், கடலையே அறிந்துவிட்டதாக மார்தட்டினால், அவரும் மணல் கதைதான் சொல்லுகிறார்.