பதினஞ்சு நாள்தானே

வீட்டைக் காலி செய்யாமலே புதுப்பிப்பது எப்படி என்று ஆலோசனை சொல்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒரு அறையைத் தூசி படாமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள், தற்காலிகமாக ஒரு சமையல் மூலையை அமைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது குளியலறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், சத்தம் பொறுக்கவில்லை என்றால் இரண்டு நாள் வெளியே தங்கிக்கொள்ளுங்கள். எல்லாமே 'கொள்ளுங்கள்'. கொள்கிறவள் யார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

'இரண்டாவது குளியலறை' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். திருப்பூர் மண்ணரையில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. வாசலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். போன சித்திரையில் வீட்டு வேலை ஆரம்பித்தபோது முதல் அடி விழுந்தது அதன் மேல்தான். "இடிக்கிறதைப் பூராவும் ஒண்ணா இடிச்சுட்டா லோடு ஒண்ணாப் போயிருமுங்க" என்றார் மேஸ்திரி. அவர் கணக்கு அவருக்குச் சரி. "பதினஞ்சு நாள்தான அம்மிணி, சமாளிச்சுக்கலாம்" என்றார் மாமா. பதினைந்து நாள் 53 நாளானது.

அந்த 53 நாளும் கணவர் காலை எட்டரை மணிக்குக் கம்பெனியில் இருந்தார். அங்கே கழிப்பறை உண்டு. மாமா விடியலில் குளத்துப் பக்கம் நடந்துவிட்டு வருவார். மகனுக்குச் சுவர் போதும். வீட்டில் இருந்தது நானும் அத்தையும். அத்தைக்குச் சர்க்கரை, ராத்திரியில் மூன்று தடவை எழ வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டோம், மனசாரத்தான் விட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது? விடியற்காலை நாலரைக்கு ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். அந்த வெயிலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தன. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

பழைய செப்டிக் டேங்க் உடையாமல் அப்படியேதான் இருந்தது. நான்கு தகர ஷீட், ஒரு கோப்பை, டேங்க் வரைக்கும் ஒரு பைப். எல்லாம் முடிந்த பிறகு பிளம்பரிடம் கேட்டேன். "அரை நாள் வேலைங்க. யாருமே சொல்லலீங்களே" என்றார். உண்மைதான். நானும் சொல்லவில்லை. ஐந்து ஆண்கள் சிமென்ட் மூட்டைக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய், எனக்கு மூத்திரம் போக இடம் வேண்டும் என்று சொல்வதற்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை எனக்குள் யார் வைத்தார்கள் என்று கேட்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் கூச்சம் இருந்தது.

இனி, எனக்கே தலைகுனிவான ஒன்றையும் எழுதிவிட வேண்டும். இரண்டாவது நாள் சித்தாள் அக்கா என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "ஏனுங்க, பாத்ரூம் எங்கீங்க போறது?" என்று கேட்டார். நான் இடிந்து கிடந்த இடத்தைக் காட்டினேன். "எங்களுக்கே இல்லீங்க்கா. பாத்துச் சமாளிச்சுக்குங்க." மாமா என்னிடம் நீட்டிய அதே சொல்லை அப்படியே கைமாற்றி விட்டேன். எனக்காவது அடுத்த வீட்டுக் கதவு இருந்தது. சும்மாட்டில் கல் சுமக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவை யார் திறப்பார்கள்?

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை வேண்டும், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறை வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே ஒரு விலக்கும் இருந்தது. ஒருவர் தன் சொந்தக் குடியிருப்புக்காகச் செய்யும் வேலையின் மொத்தச் செலவு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் அந்தச் சட்டம் அங்கே நுழையாமல் இருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குச் சிறு வீட்டுக்காரரைத் தொல்லை செய்யக்கூடாது என்ற நல்லெண்ணம் இருந்திருக்கலாம். நம் தெருக்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்த வரம்புக்குள்தானே வருகிறது? அப்படியானால் இடிந்த வீட்டுக்குள் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தியைக் குடும்பம் மறந்தது, இன்னொருத்தியைச் சட்டமே வெளியே விட்டது.

அந்த அக்கா பதினெட்டு வருடமாகச் சித்தாள். எங்கள் வீட்டில் கொத்தனாருக்கு 1,100 ரூபாய், அவருக்கு 650. கலவை பதம் தப்பினால் முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். ஆனால் கரண்டியும் ரசமட்டமும் அவர் கைக்கு வரவே இல்லை. சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கென்ன, வேலையையே 'சமம்' இல்லாமல் பிரித்துவிட்டால் கூலிப் பேச்சு எதற்கு!

சரி, வீட்டுப் பெண்ணின் வேலைக்கு வருவோம். காலை பதினோரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஏழு பேருக்கு டீ. எம்-சாண்ட் லோடு வந்தால் நின்று பார்க்க வேண்டும். திண்ணையில் வைத்த ஒற்றை அடுப்பில் மூன்று வேளைச் சமையல், சோற்றில் விழும் சுண்ணாம்பை ஒதுக்கியபடி. டைல்ஸ் அறுக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் விட்டு அறுத்தால் பாதி அடங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "சார் வரட்டுங்க." குளியலறைத் தரைக்கு வாட்டம் எதிர்ப்பக்கம் போகிறது என்று சொன்னபோதும் அதே "சார் வரட்டுங்க". சார் ராத்திரி வந்து, நான் சொன்னதையே சொன்னார். காலையில் தரையை உடைத்தார்கள்.

பூச்சு முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. எஸ்டிமேட்டில் அதற்கு வரி கிடையாது. சுவருக்கு ஈரம் காயாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் 10 நாள். விடாவிட்டால் வெடிப்பு. மேஸ்திரி மாலை ஆறு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொல்வார்: "அம்மா, ராத்திரி ஒருக்கா, காலைல ஒருக்கா தண்ணி ஊத்தி விட்ருங்க." நாலைந்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் ஊரில் அந்தத் தண்ணீரைச் சேர்த்து வைப்பதும் நான்தான், தூக்கி ஊற்றுவதும் நான்தான். வேறு யாரும் செய்திருந்தால் அதற்கு ஓர் ஆள் கூலி எழுதியிருப்பார்கள். 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று சொன்னது. அது சாதாரண நாளின் கணக்கு. இடிந்த வீட்டின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

எனக்குக் கூலியும் போயிற்று. பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து பீஸ் வாங்கி வந்து வீட்டில் பிசிறு வெட்டுவேன். பனியனில் சிமென்ட் தூசு பட்டால் கறை. கறை விழுந்த பீஸுக்குக் காசு பிடிப்பார்கள். இரண்டு தடவை பிடித்தார்கள், மூன்றாவது தடவை கட்டே கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து உழைப்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களைப் போல நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆகவே நான் தொழிலாளி இல்லை, 'வீட்டில் சும்மா இருக்கிறவள்'. சும்மா இருக்கிறவளுக்கு வேலை எப்படிப் போகும்?

புதுச் சமையலறையாவது எனக்காகக் கட்டியதா? அக்கினி மூலை எது என்பதற்கு அரை நாள் பேச்சு நடந்தது. மேடை எவ்வளவு உயரம் என்று என்னை நிற்கவைத்து அளக்க ஒரு நிமிடம் இல்லை. மேஸ்திரிக்குப் பழகிய உயரம் எனக்கு இரண்டு அங்குலம் அதிகம். தோசைக்கல்லுக்கு முன்னால் இன்றைக்கும் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். 1926-இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சமையலறை வரைந்த மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், சமைக்கிற பெண் எத்தனை அடி நடக்கிறாள், எங்கே குனிகிறாள் என்று எண்ணிப் பார்த்து அதை அமைத்தார். அதே சமையலறை பெண்ணைத் தனியே அடைத்துப் போட்டது என்று பிற்காலப் பெண்ணியர்கள் அவரோடு மல்லுக்கட்டினார்கள், அதிலும் நியாயம் உண்டு. இங்கே நாம் இன்னும் எண்ணும் இடத்துக்கே வரவில்லை.

"எல்லாருக்குந்தான கஷ்டம்? அவன் ஒன்றரை ஷிப்ட் பாக்கலையா?" என்று கேட்பார்கள். பார்த்தார். கடனுக்காக ராத்திரி எட்டரை வரைக்கும் மிஷினில் உட்கார்ந்தார், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பட்ட பாடு சனிக்கிழமை சம்பளமாகக் கைக்கு வந்து, கணக்கில் ஏறி, வீட்டைக் கட்டியவர் என்ற பெயராகத் திரும்பியது. வேறு வீடு பார்த்துப் போயிருந்தால் இரண்டு மாத வாடகை 'தண்டம்' என்றார்கள். அந்தப் பணம் மிச்சமானது என் உடம்பிலிருந்து. அதைத் தண்டம் என்று யாரும் சொல்லவில்லை.

என் ஆறு பவுனும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. வீடு மாமா பெயரில். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழக அரசு சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பெண்களின் நகை பெரும்பாலும் பத்திரத்துக்குள் போவதில்லை, பூச்சுக்குள் போகிறது. பத்திரம் பதிவாகும், பூச்சு பதிவாகாது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்த ஆறு பவுனை நான் எதைக் காட்டிக் கேட்பது? தோழிகளே, அடகு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டைல்ஸ் பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். குடும்பத்தில் சந்தேகப்படுகிறாளா என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இப்போது மாடி எடுக்கும் பேச்சு ஓடுகிறது. போன வாரம் மேஸ்திரி டேப்போடு வந்திருந்தார். அவர் அளக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "மாமா, முதல்ல வாசல் ஓரத்துல ஒரு தகர பாத்ரூம் போடணுங்க. நமக்கும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும். அது வந்தாத்தான் செங்கல் லோடு இறங்கும். சுவருக்குத் தண்ணி ஊத்துறதுக்கு ஆள் கூலியும் எஸ்டிமேட்டுல எழுதிருங்க." மேஸ்திரி மாமாவைப் பார்த்தார். அத்தை, எப்போதும் இடையில் பேசாதவர், "ஆமா, அதை முதல்ல போடுங்க" என்றார். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. செங்கல்லும் இன்னும் வரவில்லை.