வீட்டுக் கணினி யார் வீட்டுக்கு வந்தது?

பசுவந்தனையில் எங்கள் காலனிக்குள் முதல் கணினி 2012ஆம் ஆண்டில்தான் நுழைந்தது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் தங்கைக்குக் கிடைத்த மடிக்கணினி அது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பிய அம்மா, கையில் ஒட்டிய மருந்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டுப் பார்த்தார். அதே வாரம் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "இலவசத்தைக் கொடுத்தே இவனுங்களக் கெடுக்குறானுங்க."

வீட்டுக் கணினி என்ற பொருள் உலகத்தில் விற்பனைக்கு வந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1977ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆப்பிள் 2, கமோடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என மூன்று கணினிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. 1982இல் பிரிட்டனில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டுக்கு வந்தது. வீட்டு டி.வி.யில் செருகிக்கொள்ளலாம், கேசட்டிலிருந்து நிரலை ஏற்றலாம். சுவிட்சைப் போட்டதும் 'பேசிக்' மொழியில் கட்டளை கொடுக்கச் சொல்லிக் காத்திருக்கும். பிள்ளைகள் தப்பும் தவறுமாக அடித்து, யாரிடமும் திட்டு வாங்காமல், இரவெல்லாம் பழகினார்கள்.

அந்தப் பழக்கம்தான் பின்னாளில் 'திறமை' என்று பெயர் பெற்றது. அமெரிக்காவில் 1984இல் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினர் பெண்கள். அதன் பிறகு அது சரிந்து, 2010 வாக்கில் 18 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. 1990களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் கண்டது எளிய உண்மை. பல வீடுகளில் கணினி மகனின் அறைக்குப் போயிருந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே பின்தங்கி நின்றாள். தனக்கு மூளை இல்லை என்று அவளே நம்பத் தொடங்கினாள்.

ஒரே வீட்டுக்குள் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலேயே இந்த வேறுபாடு என்றால், ஊருக்கும் சேரிக்கும் இடையில் எவ்வளவு இருக்கும்?

இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் பி.பி.சி. மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. வீட்டில் கணினி என்பதோ நகரத்துச் சம்பளமும் வெளிநாட்டுச் சொந்தமும் உள்ளவர்களின் சொத்தாக இருந்தது. அந்தச் சம்பளமும் சொந்தமும் எந்தச் சாதிகளிடம் குவிந்திருந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கரிசல் மண்ணில் கதை இன்னும் கொடியது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. கணினியை வீட்டுப் பொருளாக்கிய நாள் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, ஒட்டப்பிடாரம் பகுதியிலுள்ள கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தது. தலித் மக்கள் உழைத்து வாங்கிய டி.வி.க்களும் மின்விசிறிகளும் தையல் இயந்திரங்களும் நொறுக்கப்பட்டன. பாஸ்போர்ட்டுகளும் பட்டச் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. நம் வீட்டுக்குள் ஒரு பொருள் வந்துசேர்வதே சாதிவெறியின் கண்ணை உறுத்துகிறது. டீக்கடையில் கேட்ட அந்தப் பேச்சிலும் இருந்தது அதே உறுத்தல்தான்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தை எந்தக் கட்சி கொண்டுவந்தது என்பதற்காக நாம் ஆதரிக்கவோ எதிர்க்கவோ வேண்டியதில்லை. அது கணினியைப் பள்ளி ஆய்வகத்தின் பூட்டிய அறையிலிருந்து எடுத்து, ஓட்டு வீட்டுக்குள் வைத்தது. அதுவே அதன் சிறப்பு. பள்ளியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம், நான்கு பேருக்கு ஒரு கணினி என்று கிடைப்பதும், வீட்டில் தன் கைக்கென ஒன்று இருப்பதும் ஒன்றல்ல.

அந்தத் திட்டம் பள்ளிகளில் நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்போம். ஆனால் கல்லூரி என்பது தாமதம். வசதியான வீட்டுப் பிள்ளை பத்து வயதில் தொடங்கியதை நம் பிள்ளை பதினெட்டில் தொடங்க வேண்டுமா? தனியார் மென்பொருள் நிறுவனங்களில் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே நேர்முகத் தேர்வில் அளக்கப்படும் 'தகுதி'யில் பாதி, இந்த எட்டு ஆண்டு முன்தொடக்கம்தான்.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மீண்டும் கணினி வேண்டும். மேல்நிலை வகுப்புக்கு முன்பே வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போகும்படி வேண்டும். அதை இலவசம் என்று சொல்பவர்களிடம் கேட்போம்: உங்கள் பிள்ளை வீட்டில் பழகிய கணினிக்கு அவன் என்ன விலை கொடுத்தான்?