கால் நடந்த மண்ணைக் கை காக்கும்



காட்டையும் மலையையும் ஆற்றையும் காக்க வேண்டும் என்று சொல்லாதார் இன்று எவருமிலர். மேடைகளில் அதைப் பேசுகிறோம். பள்ளிகளில் அதைப் பற்றிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் செய்கிறோம். ஆயினும், ஆபத்து வருங்கால் காக்க எழுந்து நிற்பவர் மிகச் சிலரே. இதன் காரணம் யாது? நாம் அவற்றைச் சென்று காணாமையே முதற் காரணம் என எண்ணுகிறோம். காணாத ஒன்றின்மேல் அன்பு பிறப்பது அரிது. இவ்வுண்மையை விளக்கும் ஒரு வரலாற்றை அமெரிக்க நாட்டிலிருந்து ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1892-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சியரா கிளப் என்னும் சங்கம் தோன்றிற்று. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் மியூர் அதன் முதல் தலைவர். தொடக்க உறுப்பினர் 182 பேர். சியரா நெவாடா மலைகளில் மக்கள் நடந்து மகிழ வழி செய்வதும், அம்மலைகளின் காடுகளைக் காப்பதும் அதன் நோக்கங்கள். 1901-இல் வில்லியம் கோல்பி என்பார் உறுப்பினர் ஏறத்தாழ நூறு பேரை அழைத்துக்கொண்டு மலையேறி, அங்கேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நேரில் கண்டவரே மலைக்காக வாதாடுவர் என்பது அவர்தம் நம்பிக்கை. அது முதல் இப்பயணங்கள் ஆண்டுதோறும் தொடர்ந்தன.

இந்நம்பிக்கைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1906-இல் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிவுற்ற சான் பிரான்சிஸ்கோ நகரம், யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட அனுமதி வேண்டிற்று. குடிநீர் கேட்ட நகரத்தாரைக் குறை கூறுவதற்கில்லை. சங்க உறுப்பினருக்குள்ளேயே இதில் பிளவு ஏற்பட்டது. மியூர் இறுதிவரை போராடினார். எனினும் அப்பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டவர் நாட்டில் மிகச் சிலரே. 1913-இல் அனுமதிச் சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டில் மியூர் மறைந்தார். 1923-இல் அணை கட்டி முடிக்கப்பெற்றது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது.

பின்னர், 1950-களில் மற்றோர் அணைத் திட்டம் வந்தது. கொலராடோ, யூட்டா மாநிலங்களின் எல்லையில், யாம்பா ஆறும் கிரீன் ஆறும் கலக்கும் எக்கோ பார்க் என்னும் இடத்தை அது மூழ்கடிப்பதாயிருந்தது. அவ்வாறுகள் எவரும் செல்லவியலாத அபாயப் பகுதி என்று திட்டத்தை ஆதரித்தோர் கூறினர். 1952-இல் ஹெரால்டு பிராட்லி என்னும் ஓய்வுபெற்ற பேராசிரியர் தம் புதல்வரோடு யாம்பாவில் படகேறிச் சென்று, படமெடுத்து வந்து பலருக்கும் காட்டினார். மறு ஆண்டில் சியரா கிளப் மக்களைக் கூட்டங்கூட்டமாகப் படகில் அழைத்துச் சென்றது. சென்று வந்தோர் தத்தம் மாநிலப் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினர். 1956-இல் நிறைவேறிய சட்டத்தில் எக்கோ பார்க் அணை இடம் பெறவில்லை.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதே சட்டம் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணைக்கு அனுமதி தந்தது. எக்கோ பார்க் தப்பினால் போதும் என்று எண்ணிய சங்கத்தார், இதனை எதிர்த்து நிற்கவில்லை. சங்கத்தின் செயல் இயக்குநர் டேவிட் பிரவர் உட்பட அவர்களுள் பெரும்பாலோர் அவ்விடத்தைக் கண்டதே இல்லை. காலம் கடந்தபின் பிரவர் அங்குச் சென்றார். செம்பாறைச் சுவர்களையும் குளிர்ந்த பக்கவாய்க்கால்களையும் கண்டு உள்ளம் நொந்தார். 1963-இல் அணையின் மதகுகள் மூடப்பட்டன. நீர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளம் வரை தேங்கும் ஏரியாக அது மாறிற்று. அவ்வாண்டு சங்கம் வெளியிட்ட புகைப்பட நூலின் பெயர் ‘எவரும் அறியாத இடம்’ என்பதாகும். அப்பெயரே ஒரு பாவ அறிக்கை போல் ஒலிக்கிறதன்றோ?

இன்னொரு செய்தியையும் மறைத்தலாகாது. பழைய உறுப்பினர் பரிந்துரைத்தால் மட்டுமே இச்சங்கத்தில் சேர முடியும் என்ற முறை நெடுங்காலம் இருந்தது. அம்முறையைக் கொண்டு வெள்ளையர் அல்லாதாரைச் சிலர் விலக்கினர். மியூரும் கறுப்பின மக்களையும் பழங்குடியினரையும் இழித்து எழுதியதுண்டு. 2020-இல் சங்கமே இவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மலைக்கு வராதே என்று ஒருவனைத் தடுத்துவிட்டு, மலையைக் காக்க அவன் வரவில்லையே என்று வருந்துவது எங்ஙனம் பொருந்தும்? 1971 முதல், மலையையும் காட்டையும் காண வாய்ப்பற்ற நகரத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பணியைச் சங்கத்தின் தொண்டர்கள் செய்து வருவது, இக்குறையைத் தீர்க்கும் நல்வழியாகும்.

இன்று இச்சங்கத்துக்கு அந்நாட்டின் மாநிலங்கள் எங்கும் கிளைகள் உள்ளன. ஊதியம் பெறாத தொண்டர்கள் வார இறுதியில் மக்களை நடைப்பயணம் அழைத்துச் செல்கின்றனர். மாநிலச் சட்டமன்றத்தில் காட்டையும் நீரையும் பற்றி மசோதா வந்தால், அதே மக்களை உறுப்பினருக்கு எழுதத் தூண்டுகின்றனர். நடப்பது வேறு, வாதாடுவது வேறு என்று அவர்கள் பிரிப்பதில்லை.

பெற்றோரே, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தாம் பருகும் நீர் புறப்படும் இடத்தைக் கண்டிருக்கின்றனர்? அடுத்த விடுமுறையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். செல்ல வசதியற்ற பிள்ளைகளை முதலில் அழையுங்கள். சட்டம் பற்றியும் அணை பற்றியும் அன்றே பேச வேண்டுவதில்லை. பிள்ளைகள் நீரில் காலை நனைக்கட்டும். மற்றவை பிறகு வரும்.