பிஷப்பைத் தூக்கிக் கொடுக்குமா மெஷின்?

ஹாஸ்டல் ரூமில் செஸ் போர்டு இருக்கா? இல்லைன்னா செல்போனை எடுங்க. இந்த வாரம் உங்களுக்கு ஒரு லேப் வேலை. ரெக்கார்டு நோட் எழுத வேண்டாம், பயப்படாதீங்க!

1998, ஸ்பெயினில் லினாரெஸ் டோர்னமென்ட். கோப்பையைத் தட்டி வந்தது நம்ம சென்னைக்காரர் விஸ்வநாதன் ஆனந்த். ஆனா அந்த டோர்னமென்ட்னு சொன்னதும் செஸ் பைத்தியங்களுக்கு ஞாபகம் வருவது வேறொரு ஆட்டத்தின் ஒரே ஒரு மூவ். வெள்ளையில் டோபலோவ், கறுப்பில் ஷிரோவ்.

போர்டில் இப்படி வையுங்க. வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, ஹெச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பு ஆட வேண்டும்.

கறுப்புக்கு ரெண்டு சிப்பாய் அதிகம். அப்போ ஈஸியா ஜெயிக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஒருத்தர் பிஷப் கறுப்புக் கட்டத்தில், இன்னொருத்தர் பிஷப் வெள்ளைக் கட்டத்தில். ரெண்டும் கடைசி வரைக்கும் சந்திக்கவே சந்திக்காது. இந்த மாதிரி ஆட்டங்கள் பெரும்பாலும் டிராவில்தான் போய் முடியும்.

ஷிரோவ் என்ன பண்ணினார் தெரியுமா? 47-வது மூவில் பிஷப்பை ஹெச்3-ல் கொண்டுபோய் வைத்தார். வெட்டிக்கோ ராஜான்னு சும்மா தூக்கிக் கொடுத்துட்டார்! பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனா கணக்கு இதுதான். கறுப்பு ராஜா எஃப்5 வழியா இ4-க்குப் போகணும். வழியை மறிச்சு நிற்பது சொந்த பிஷப்! அதை சும்மா நகர்த்தினால் அந்த கேப்பில் வெள்ளை ராஜா எஃப்2, இ3-ன்னு ரெண்டே எட்டில் வந்து கதவைச் சாத்திடும். இ4-ல் வைத்தாலோ, அங்கேயும் வழியில் நந்தி மாதிரி பிஷப்தான். ஹெச்3-ல் வைத்தால்? அதை வெட்டவே வெள்ளைக்கு ஒரு மூவ் செலவு. அந்த ஒரு மூவ் போதும், கறுப்பு ராஜா முந்திக்கும். அதுக்கப்புறம் ஏ, டி சிப்பாய்கள் ரெண்டும் ஓட, ஒத்தை பிஷப்பால் ரெண்டையும் பிடிக்க முடியலை. ஆறே மூவில் டோபலோவ் கை கொடுத்துட்டார்.

இதை மெஷின் கண்டுபிடிக்குமா? அந்தக் காலத்து இன்ஜின்கள் பல வருஷம் இதில் திணறின. ஏன்னா இன்ஜின் காய்களுக்கு விலை போடும். சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, யானை 5, ராணி 9. கோடிக்கணக்கான கிளைகளை முழுசாப் பார்க்க நேரம் இல்லாததால், உருப்படாத மாதிரி தெரியும் மூவ்களை மேலோட்டமாப் பார்த்துட்டு வெட்டி விடும். சும்மா பிஷப்பைக் கொடுக்கும் மூவுக்குத்தான் முதல் வெட்டு! லாபம் தெரிவது பல மூவ் தள்ளி. அவ்வளவு தூரம் போகும் முன்னாடியே கிளை காலி.

‘அப்போ 1997-ல் டீப் புளூ காஸ்பரோவை குதிரையைக் கொடுத்து தோற்கடிச்சதே?’ன்னு கேட்பீங்க. 6-வது ஆட்டம், 8-வது மூவ், இ6-ல் குதிரை பலி. 19 மூவில் ஆட்டம் க்ளோஸ். செகண்டுக்கு 20 கோடி பொசிஷன் பார்க்கும் மெஷின்தான். ஆனா அந்த பலியை அது யோசிச்சுப் பிடிக்கலை பாஸ். அதன் ஓப்பனிங் புக்கில் மனுஷங்க ஏற்றி வைத்திருந்த மூவ் அது. அதாவது, மனப்பாடம்!

இப்போ கதையே வேற. 2017-ல் ஆல்ஃபாஜீரோ தனக்குத்தானே ஆடிப் பழகி, காயைக் கொடுத்து ஆடுவதில் கலக்கியது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷும் நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்துக்கொண்டது. இன்றைய இன்ஜின்கள் நேரம் கொடுத்தால் ஹெச்3-ஐப் பிடிக்கும். ஆனா ‘பிடிச்சுது’ன்னு சொல்ல, பரீட்சையை ஒழுங்கா வைக்கணும். அதுக்கு நாலு ரூல்ஸ்.

ஒண்ணு, பிட் கொடுக்காதீங்க. ஹெச்3-ஐ நீங்களே ஒரு தடவை ஆடிக் காட்டிட்டு பின்னால் வந்தால், அது இன்ஜினின் ஹேஷ் டேபிளில் ஏறியிருக்கும். அதை காலி பண்ணிட்டுத் தொடங்குங்க.

ரெண்டு, மூவை மட்டும் பார்க்காமல் மார்க்கையும் பாருங்க. ஹெச்3-ஐக் காட்டிக்கொண்டே 0.00 போட்டால் அது புரிஞ்சு சொல்லலை, குருட்டாம்போக்கு. கறுப்புக்கு ஸ்கோர் ஏறணும், அந்த மூவிலேயே நிலைக்கணும். எத்தனையாவது செகண்டில், எந்த ஆழத்தில்னு குறிச்சுக்கங்க. பல கோர்களில் ஓடினால் ரிசல்ட் ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால் நாலைஞ்சு தடவை ஓட்டுங்க.

மூணு, பலி கொடுத்தால் தோற்கும் பொசிஷன்களையும் கலந்து கொடுங்க. எல்லா இடத்திலும் காயைத் தூக்கிக் கொடுக்கும் இன்ஜின் புத்திசாலி இல்லை, ஊதாரி!

நாலாவதுதான் முக்கியம். ஃபிரெட் ரெய்ன்ஃபெல்ட் எழுதின ‘வின் அட் செஸ்’ புத்தகத்தில் இருந்து எடுத்த 300 பொசிஷன்கள் பல வருஷமா இன்ஜின்களுக்குக் கேள்வித்தாள். அதையே வைத்து இன்ஜினை டியூன் பண்ணினால் அந்த 300-லும் மார்க் எகிறும். நிஜ ஆட்டத்தில் ஜெயிக்குமா? கொஸ்டின் பேங்கை மட்டும் மொட்டை அடிச்சவன் வைவாவில் முழிப்பானே, அதே கதைதான். ஹெச்3-ம் இப்போ ஊரறிந்த கேள்வி. நிஜப் பரீட்சைக்கு யாரும் பார்க்காத புது பொசிஷன் வேணும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் ஏ.ஐ. மாடல் செய்யும் மக்களே, நீங்களும் கேட்டுக்கங்க. 98 சதவிகிதம்னு ஸ்லைடு போடும் முன்னாடி, எந்தக் கேள்வித்தாளில் வந்த 98-னு எக்ஸ்டர்னல் கேட்பார்.

கடைசியா ஒரு வேண்டுகோள். மெஷினை ஆன் பண்ணும் முன்னாடி, ஹெச்3-க்கு வெள்ளை வெட்டாமல் ராஜாவை எஃப்2-க்கு நகர்த்தினால் கறுப்பு எப்படி ஜெயிக்கும்னு நீங்களே பத்து நிமிஷம் யோசிங்க. ரூம்மேட்டையும் கேளுங்க. அப்புறம் இன்ஜினிடம் சரிபாருங்க.

யார் முந்தினது?